நீலகிரியின் காற்று: மலையமைப்பும் பருவங்களும் மூச்சுநோயாளிகளைப் பாதிக்கும் விதம்

உதகை, குன்னூர், கோத்தகிரி ஆகிய ஊர்களின் காற்று தூய்மையானது என்பது பொதுவான நம்பிக்கை. ஆண்டின் பெரும்பகுதிக்கு அந்நம்பிக்கை சரியானதே. பெருந்தொழிற்சாலைகள் குறைவு, காடும் புல்வெளியும் மிகுதி, இரண்டு பருவமழைகளும் காற்றைக் கழுவிச் செல்கின்றன. ஆயினும் ஆஸ்துமா, நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், இதயச் செயலிழப்பு போன்ற நோய்கள் உள்ளவர்களுக்கு இம்மாவட்டத்தில் ஆண்டுதோறும் சில வாரங்கள் கடினமானவையாக அமைகின்றன. அந்த வாரங்கள் எவை, அவை ஏன் அவ்வாறு அமைகின்றன, அக்காலத்தில் நோயாளியும் பராமரிப்பாளரும் செய்யத்தக்கவை யாவை என்பவற்றை இப்பக்கம் விளக்குகிறது.

நீலகிரியில் வசிப்பவர்களுக்கும், ஓய்வுக்காகவோ உடல் தேறுவதற்காகவோ மூத்தோரை அங்கு அழைத்துச் செல்ல எண்ணும் சமவெளிக் குடும்பங்களுக்கும் இவ்விளக்கம் பயன்படும்.

மலை ஒன்று, காற்று பல

நீலகிரி மேற்குத் தொடர்ச்சி மலையும் கிழக்குத் தொடர்ச்சி மலையும் சந்திக்கும் இடத்தில் எழுந்து நிற்கும் பீடபூமி. அடிவாரத்தில் உள்ள மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 325 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கிருந்து 14 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏறினால் குன்னூர் சுமார் 1,850 மீட்டரில் அமைந்திருக்கிறது. உதகமண்டலம் சுமார் 2,240 மீட்டர்; அதன் அருகே உள்ள தொட்டபெட்டா சிகரம் 2,637 மீட்டர். மேற்கே கூடலூர், பந்தலூர் பகுதிகள் இவற்றைவிடத் தாழ்வானவை. வடக்கே மசினகுடி, சீகூர் பகுதிகள் மழை மறைவில் உள்ள வறண்ட நிலங்கள்.

இந்த அமைப்பினால் ஒரே மாவட்டத்திற்குள் பல வானிலைகள் நிலவுகின்றன. தென்மேற்குப் பருவமழை ஜூன் முதல் செப்டம்பர் வரை கூடலூர், பந்தலூர், தேவாலா, நடுவட்டம், அவலாஞ்சி ஆகிய மேற்குப் பகுதிகளில் கொட்டித் தீர்க்கிறது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் 24 மணி நேரத்தில் 900 மில்லிமீட்டருக்கு மேல் மழை பதிவானது. அதே மேகங்கள் தொட்டபெட்டா மலைத்தொடரைக் கடந்து குன்னூரையும் கோத்தகிரியையும் அடையும்போது பெரிதும் வலுவிழந்து விடுகின்றன. அந்த ஊர்களுக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் வடகிழக்குப் பருவமழையே முதன்மையானது. உதகை நடுவில் இருப்பதால் இரண்டிலும் பங்கு பெறுகிறது.

மழை காற்றிலுள்ள தூசையும் புகைத்துகளையும் தரைக்குக் கொண்டுவந்து விடுகிறது. ஆகவே, மழை எங்கு எப்போது பெய்கிறது என்பதே அந்தந்த ஊரின் காற்று எப்போது தூய்மையாக இருக்கும் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிக்கிறது. கூடலூரில் வசிக்கும் ஆஸ்துமா நோயாளிக்கும் கோத்தகிரியில் வசிப்பவருக்கும் கடினமான மாதங்கள் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. "நீலகிரி வானிலை" என்று செய்தியில் பொதுவாகச் சொல்லப்படுவதைக் கொண்டு மருந்தைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

உறைபனி காலமும் பள்ளத்தாக்கின் மூடியும்

இப்பக்கத்தில் மிகக் கவனமாகப் படிக்க வேண்டிய பகுதி இதுவே.

நவம்பர் முதல் பிப்ரவரி வரை, மழை ஓய்ந்து வானம் தெளிந்த இரவுகளில், உதகைப் பகுதியில் முதலில் நீர்ப்பனியும் பின்னர் உறைபனியும் விழுகின்றன. தலைகுந்தா, காந்தல், குதிரைப் பந்தய மைதானம், தாவரவியல் பூங்கா ஆகிய இடங்களில் புல்தரை வெண்மையாகக் காட்சியளிப்பதை அனைவரும் பார்த்திருக்கலாம். இவை யாவும் பள்ளமான இடங்கள். உயரம் கூடக்கூடக் குளிர் கூடும் என்பது பொது விதி. ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் சுமார் 6 டிகிரி செல்சியஸ் அளவில் வெப்பம் குறைகிறது. அப்படியிருக்க, மேட்டில் உள்ள வீட்டு முற்றத்தில் உறைபனி இல்லாமல் கீழே உள்ள மைதானத்தில் மட்டும் உறைபனி படிவது ஏன்?

தெளிந்த இரவில் தரை தன் வெப்பத்தை விரைவாக இழக்கிறது. தரையை ஒட்டிய காற்றும் குளிர்கிறது. குளிர்ந்த காற்று எடை மிக்கது. ஆதலால் அது நீரைப் போலச் சரிவுகளில் வழிந்து இறங்கிப் பள்ளத்தாக்கின் அடியில் தேங்குகிறது. அதற்கு மேல் ஒப்பளவில் வெதுவெதுப்பான காற்று ஒரு மூடியைப் போல நிற்கிறது. இதனை வெப்பநிலைத் தலைகீழாக்கம் என்று வானிலை அறிவியல் குறிப்பிடுகிறது. மூடிக்குக் கீழே உள்ள காற்று மேலெழ இயலாது. அதனுடன் கலந்துள்ள புகையும் வெளியேற இயலாது.

மாலையில் இதைக் கண்ணாலேயே காணலாம். குளிர்கால மாலை ஆறு, ஏழு மணியளவில் கேத்தி பள்ளத்தாக்கையோ உதகை நகரையோ மேட்டிலிருந்து நோக்கினால், வீடுகளிலிருந்து எழும் புகை சிறிது உயரம் சென்று, பின்னர் மேலே போகாமல் பக்கவாட்டில் விரிந்து ஒரு படலமாக நிற்பது தெரியும். அப்படலத்தின் மேற்பரப்பே அன்றைய மூடியின் உயரம். மறுநாள் வெயில் ஏறித் தரை சூடாகும் வரை, பொதுவாகக் காலை ஒன்பது அல்லது பத்து மணி வரை, அது கலைவதில்லை.

உறைபனி படியும் இடமும் புகை தேங்கும் இடமும் பெரும்பாலும் ஒன்றே. வீட்டின் அருகே உறைபனி வழக்கமாக விழுமாயின், அவ்வீட்டில் உள்ள மூச்சுநோயாளி குளிர்கால அதிகாலையிலும் மாலையிலும் வெளியே நடப்பதைத் தவிர்க்க வேண்டும். உதகை, குன்னூர் நகரங்களுக்கும் அவற்றின் விளிம்பில் வளர்ந்துவரும் கேத்தி, எல்லநள்ளி, அருவங்காடு, ஜெகதளா போன்ற பகுதிகளுக்கும் இது பொருந்தும். நகர விளிம்பில் உள்ள குடியிருப்புகளில் வாகனப் புகையும் விறகுப் புகையும் ஒரே பள்ளத்தாக்கில் சேர்கின்றன என்பதைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

மூடுபனி பற்றி ஒரு சொல். மூடுபனி என்பது நுண்ணிய நீர்த்துளிகளே, அது மாசன்று. மழைக்காலத்தில் மேகம் மலைமீது தவழ்வதால் குன்னூரில் பகலிலும் மூடுபனி நிலவும். அக்காற்று பெரும்பாலும் தூய்மையானது. குளிர்கால அதிகாலையில் பள்ளத்தில் அசையாமல் நிற்கும் மூடுபனியோ காற்று தேங்கி நிற்பதன் அடையாளம். அதில் புகைத்துகள்கள் கலந்திருக்க வாய்ப்பு அதிகம். புகை நாற்றம் வீசுகிறதா என்பதே எளிய சோதனை.

புகை எங்கிருந்து வருகிறது?

தேயிலைத் தோட்டக் குடியிருப்புகளிலும் சிற்றூர்களிலும் விறகடுப்பு இன்னும் வழக்கத்தில் உள்ளது. சமையல் எரிவாயு இணைப்பு உள்ள வீடுகளிலும் குளிக்க வெந்நீர் போடவும், குளிர் காயவும் விறகே பயன்படுகிறது. சமவெளியில் அடுப்பங்கரைப் புகை சன்னல் வழியே வெளியேறிவிடும். மலையில் குளிருக்காகச் சன்னல்கள் சாத்தப்பட்டிருப்பதால் அதே அளவு விறகு பல மடங்கு புகையை வீட்டுக்குள்ளேயே விட்டுவிடுகிறது. வரிசை வீடுகளில் ஒரு வீட்டின் புகை அடுத்த வீட்டுக்கும் செல்கிறது. ஆண்டுக்கணக்கில் அடுப்புப் புகையைச் சுவாசித்த பெண்களுக்கு, அவர்கள் ஒருபோதும் புகைபிடித்ததில்லை என்றாலும், நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் வரக்கூடும். தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் பெண் ஒருவர் மேடேறும்போது முன்னைவிட மூச்சு வாங்குகிறது என்று சொன்னால், அதை வயதின் மேல் பழிபோட்டு விட்டுவிடாமல் நுரையீரல் செயல்திறன் பரிசோதனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.

தேயிலைத் தொழிற்சாலைகளில் இலையை வாடவைக்கவும் உலர்த்தவும் சூடான காற்று தேவை. அதற்காக விறகு எரிக்கப்படுகிறது. கொழுந்து வரத்து மிகுந்த மாதங்களில் இப்பணி இரவிலும் தொடர்கிறது. புகைபோக்கி உயரமாகவும் பராமரிக்கப்பட்டும் இருந்தால் புகை பரவிக் கலைந்துவிடும். தாழ்வான பள்ளத்தில், தலைகீழாக்கம் நிலவும் இரவில், அதே புகை அருகிலுள்ள குடியிருப்பின் மேல் இறங்குகிறது. தொழிற்சாலைக்குள் பணிபுரிவோருக்கு வேறொரு சிக்கலும் உண்டு. சலிக்கும் இடத்திலும் பொதியும் இடத்திலும் பறக்கும் தேயிலை மென்தூசு சிலருக்கு ஒவ்வாமையையும் ஆஸ்துமாவையும் ஏற்படுத்துகிறது. வேலைநாட்களில் மூச்சுத்திணறல் கூடி, விடுமுறை நாட்களில் குறைந்தால், அதனை மருத்துவரிடம் தவறாமல் தெரிவிக்க வேண்டும். நோயைக் கண்டறிய அந்த ஒரு தகவல் பெரிதும் உதவும்.

வாகனங்கள் மூன்றாவது காரணம். மேட்டில் ஏறும் வண்டி தாழ்ந்த கியரில் அதிக எரிபொருளை எரிக்கிறது. இறங்கும் வண்டி பிரேக் தேய்மானத் துகளை வெளியிடுகிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இம்மாவட்டத்தின் மக்கள்தொகை 7,35,394. கோடை விடுமுறையில் இதனுடன் பெருந்திரளான சுற்றுலாப் பயணிகள் சேருகின்றனர். சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வாகனங்களுக்கு இ-பாஸ் முறை நடைமுறைக்கு வந்தது. 2025 கோடையில் நீலகிரிக்கு வாரநாட்களில் 6,000 வாகனங்கள், வார இறுதியில் 8,000 வாகனங்கள் என வரம்பும் விதிக்கப்பட்டது. மலர்க்காட்சி நடைபெறும் மே மாத வார இறுதிகளில் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டியிருந்தால், நெரிசலில் நிற்கும் நேரத்தையும் கணக்கிட்டுப் புறப்படுவது நல்லது.

குப்பையையும் சருகையும் தீயிடுவதும் உண்டு. பிளாஸ்டிக் கலந்த குப்பையின் புகை விறகுப் புகையைவிட நச்சுத்தன்மை மிக்கது. இது சட்டப்படியும் தவறு.

பிப்ரவரி முதல் மே வரை

உறைபனியில் கருகிய புல்லும் உதிர்ந்த சருகும் பிப்ரவரிக்குப் பின் எளிதில் தீப்பற்றும் நிலையில் இருக்கும். 2019 பிப்ரவரியில் எல்லைக்கு அப்பால் பந்திப்பூரில் பரவிய பெருந்தீ இங்கும் பலருக்கு நினைவிருக்கும். 2024 மார்ச்சில் குன்னூர் பாரஸ்ட்டேல் பகுதியில் தொடங்கிய காட்டுத்தீ பல நாட்கள் எரிந்தது. இந்திய விமானப்படையின் ஹெலிகாப்டர் வாளியில் நீர் கொண்டுவந்து ஊற்ற வேண்டிய நிலை ஏற்பட்டது. காட்டுத்தீயின் புகையில் மிகுதியாக இருப்பவை 2.5 மைக்ரானுக்கும் குறைந்த நுண்துகள்கள். இவை மூக்கிலும் தொண்டையிலும் தடுக்கப்படாமல் நுரையீரலின் காற்றறைகள் வரை செல்கின்றன. சில இரத்தத்திலும் கலக்கின்றன. மூச்சுநோயாளிகளைப் போலவே இதய நோயாளிகளும் காட்டுத்தீ நாட்களில் பாதிக்கப்படுவது இதனால்தான்.

இதே காலத்தில் சமவெளியின் காற்றும் மலைக்கு வருகிறது. குளிர்காலத்தில் கோவை, மேட்டுப்பாளையம் பகுதிகளின் தூசும் புகையும் தரையை ஒட்டித் தாழ்வாகவே நிற்பதால் உயரத்தில் உள்ள உதகையை அவ்வளவாக எட்டுவதில்லை. மார்ச், ஏப்ரல் மாதங்களில் சமவெளி கடுமையாகச் சூடேறும்போது, அங்குள்ள காற்று ஈராயிரம் மீட்டருக்கு மேலும் எழுந்து கலக்கிறது. பகலில் மலைச்சரிவு சூடாவதால் பள்ளத்தாக்குகளின் வழியே காற்று மேல்நோக்கி வீசுகிறது. தொட்டபெட்டாவிலிருந்து பார்க்கும்போது சமவெளி தெளிவின்றி மங்கலாகத் தெரியும் பிற்பகல்கள் இவையே. கடும் வெயிலில் வாகனப் புகையின் வாயுக்கள் வினைபுரிந்து தரைமட்ட ஓசோனும் உருவாகிறது. அது கண்ணுக்குத் தெரியாது. ஆனால் ஆஸ்துமா நோயாளியின் மூச்சுக்குழலை எரிச்சலூட்டும்.

குளிர்காலத்தில் காலையும் மாலையும் தவிர்க்கத்தக்கவை. கோடையிலோ பிற்பகல் தவிர்க்கத்தக்கது. நடைப்பயிற்சிக்கான நேரத்தைப் பருவத்திற்கேற்ப மாற்றிக்கொள்ள வேண்டும் என்பதைப் பராமரிப்பாளர்கள் நினைவில் கொள்க.

மழைக்காலத்தில் வெளிக்காற்று தூயது, உட்காற்று?

ஜூன் தொடங்கியதும் வெளிக்காற்று சீரடைகிறது. அப்போது சிக்கல் வீட்டுக்குள் இடம் மாறுகிறது. சுவரில் ஈரம் ஊறி, அலமாரியின் பின்புறத்திலும் கம்பளிகளிலும் பூஞ்சை படர்கிறது. ஈரப்பதம் மிகுந்த படுக்கையில் தூசுப்பூச்சிகள் பெருகுகின்றன. உயர்ந்த மலைகளில் தூசுப்பூச்சி இராது என்று சில நூல்களில் படிக்க நேரலாம். அது சுவிட்சர்லாந்தின் டாவோஸ் போன்ற வறண்ட குளிர்மலைகளைப் பற்றிய கூற்று. ஈரம் மிகுந்த நீலகிரிக்குப் பொருந்தாது.

வெயில் அடிக்கும் நாட்களைத் தவறவிடாமல் கம்பளி, மெத்தை, தலையணைகளை வெயிலில் உலர்த்த வேண்டும். துணிகளை நோயாளி உறங்கும் அறைக்குள் காயப்போடக் கூடாது. பூஞ்சையைத் துடைக்கும் பணியை நோயாளி செய்யக் கூடாது. ஈரத்துணியால் மற்றொருவர் துடைக்க வேண்டும். உலர்ந்த நிலையில் சுரண்டினால் வித்துகள் அறை முழுதும் பரவும்.

மருந்து வகையிலும் கவனம் தேவை. ரோட்டாகேப் எனப்படும் பொடி மருந்துக் குப்பிகள் ஈரக்காற்றில் இறுகிவிடும். உறையிலிருந்து முன்கூட்டியே எடுத்து வைக்காமல், பயன்படுத்தும் வேளையில் மட்டும் பிரிக்க வேண்டும். அழுத்தக் குப்பி வகை இன்ஹேலர்கள் கடுங்குளிரில் சரியாகப் பீய்ச்சுவதில்லை. குளிர்காலத்தில் அவற்றைச் சட்டையின் உட்பையில் வைத்திருந்து, கையில் சற்று வெதுவெதுப்பாக்கிய பின் பயன்படுத்தலாம். அடுப்பருகே வைத்துச் சூடாக்குவது ஆபத்து.

மூடிய அறையில் கரி நெருப்பு: உயிருக்கு ஆபத்து

குளிர் காய்வதற்காக இரும்புச் சட்டியில் கரி மூட்டிப் படுக்கையறைக்குள் வைத்து, கதவைச் சாத்தி உறங்கும் வழக்கத்தால் நீலகிரியிலும் கொடைக்கானலிலும் உயிரிழப்புகள் நிகழ்ந்துள்ளன. இறைச்சி சுட்ட அடுப்பை, நெருப்பு அணைந்துவிட்டது என்று எண்ணி அறைக்குள் எடுத்து வைத்தவர்களும் இறந்துள்ளனர். கனன்றுகொண்டிருக்கும் கரியிலிருந்து கார்பன் மோனாக்சைடு வாயு வெளியாகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை, புகையும் தெரியாது. இரத்தத்தில் ஆக்சிஜன் அமர வேண்டிய இடத்தில் அது அமர்ந்துகொள்கிறது. உறங்குபவர் விழிக்காமலேயே நினைவிழக்கக்கூடும். காற்றோட்டமில்லாத குளியலறையில் பொருத்தப்பட்ட எரிவாயு வெந்நீர்க் கருவியும் இதே ஆபத்தை உண்டாக்கும்.

தலைவலி, தலைசுற்றல், குமட்டல், குழப்பம், இயல்புக்கு மாறான தூக்கம் ஆகியவை அறிகுறிகள். ஒரே அறையில் இருந்த பலருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி வந்தால், உணவு ஒவ்வாமை என்று எண்ணிக் காத்திருக்க வேண்டாம். உடனே கதவு, சன்னல்களைத் திறந்து, அனைவரையும் வெளியே கொண்டுவந்து, 108 எண்ணை அழைக்க வேண்டும்.

விரலில் மாட்டும் ஆக்சிஜன் அளவுமானி இவ்விடத்தில் ஏமாற்றும். அக்கருவியால் ஆக்சிஜன் ஏறிய இரத்தத்தையும் கார்பன் மோனாக்சைடு ஏறிய இரத்தத்தையும் வேறுபடுத்த இயலாது. எண் 97 அல்லது 98 என்று காட்டினாலும் நோயாளி ஆபத்தில் இருக்கலாம். அறையில் கரி நெருப்பு இருந்தது என்பதை மருத்துவரிடம் முதல் வாக்கியத்திலேயே சொல்ல வேண்டும்.

குளிருக்குக் கம்பளி, வெந்நீர்ப் பை, மின் சூடேற்றி ஆகியவற்றைப் பயன்படுத்தலாம். கரி வேண்டாம்.

உயரமும் ஆக்சிஜனும்

காற்றின் தரம் வேறு, காற்றின் அடர்த்தி வேறு. உதகையின் காற்றிலும் சென்னையின் காற்றிலும் ஆக்சிஜனின் பங்கு ஏறத்தாழ 21 விழுக்காடுதான். ஆனால் உதகையில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் சுமார் முக்கால் பங்கே. எனவே ஒவ்வொரு மூச்சிலும் நுரையீரலுக்குக் கிடைக்கும் ஆக்சிஜனும் அந்த அளவுக்குக் குறைகிறது. நலமான உடல் சற்று வேகமாக மூச்சுவிட்டு இதை ஈடுசெய்துகொள்ளும். ஆக்சிஜன் செறிவு சமவெளியில் இருந்ததைவிடச் சில புள்ளிகள் குறைந்து காணப்படுவது அங்கு இயல்பு. அதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை.

நுரையீரல் ஏற்கெனவே நலிந்தவரின் நிலை வேறு. பயணிகள் விமானத்தின் உட்புறக் காற்றழுத்தம் அதிகபட்சம் சுமார் 2,400 மீட்டர் உயரத்திற்கு ஒப்பானதாக வைக்கப்படுகிறது. உதகையின் உயரம் அதற்கு மிக அருகில் உள்ளது. விமானப் பயணத்திற்கு முன் மருத்துவரின் ஒப்புதல் பெற வேண்டியவர், உதகைக்குச் செல்லும் முன்பும் பெற வேண்டும். விமானப் பயணம் சில மணி நேரத்தில் முடிந்துவிடும்; மலையிலோ இரவில் உறங்கவும் வேண்டும். உறக்கத்தில் ஆக்சிஜன் மேலும் குறையும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேயர்கள் நோயுற்ற படைவீரர்களையும் அலுவலர்களையும் உடல் தேற நீலகிரிக்கு அனுப்பினர். பயண எழுத்தாளர் ரிச்சர்ட் பர்ட்டன் 1847இல் மருத்துவ விடுப்பில் இங்கு வந்தவரே. மலைக்காற்று மருந்து என்ற எண்ணம் அக்காலத்தில் வேரூன்றியது. அன்று மலை அளித்த பெரும்பயன் கடும் வெப்பத்திலிருந்தும் சமவெளியின் காய்ச்சல்களிலிருந்தும் கிடைத்த விடுதலை. அதை நுரையீரல் நோய்க்கும் மருந்தாகக் கொள்வது பொருந்தாது. வீட்டில் ஆக்சிஜன் பயன்படுத்துவோர், அண்மையில் மூச்சுத்திணறலால் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டோர், கட்டுப்படாத இதயச் செயலிழப்பு உள்ளோர் ஆகியோரை "நல்ல காற்றுக்காக" உதகைக்கு அழைத்துச் செல்லும் முடிவைக் குடும்பம் தானாக எடுக்கக் கூடாது. உறவினர் இல்லம் குன்னூரிலோ கோத்தகிரியிலோ இருந்தால், சில நூறு மீட்டர் தாழ்வான அவ்வூர்களே ஒப்பளவில் ஏற்றவை. அங்கும் மருத்துவரின் அறிவுரை தேவை.

வீட்டில் ஆக்சிஜன் செறிவூட்டி வைத்திருப்போர் மழைக்காலத்தை முன்னிட்டு மாற்று ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். மரம் விழுந்தால் மின்சாரம் மணிக்கணக்கில் தடைப்படும், சாலையும் அடைபடும். நிரப்பிய சிலிண்டர் ஒன்று கைவசம் இருப்பது அவசியம். ஆக்சிஜன் உள்ள அறையில் விறகடுப்பு, ஊதுவத்தி, பீடி எதுவும் கூடாது.

எண்களைப் படிக்கும் முறை

உதகை பாம்பே கேசில் பகுதியில் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தொடர் கண்காணிப்பு நிலையம் உள்ளது. அதன் அளவீடுகளை மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சமீர் செயலியில் காணலாம். காற்றுத் தரக் குறியீடு 50 வரை "நல்லது" என்றும், 51 முதல் 100 வரை "திருப்திகரம்" என்றும், 101 முதல் 200 வரை "மிதமானது" என்றும் வகைப்படுத்தப்படுகிறது.

"திருப்திகரம்" என்ற சொல்லை நோயாளிகள் எச்சரிக்கையுடன் கொள்ள வேண்டும். நுண்துகளைப் பொறுத்தவரை அவ்வகையின் மேல் வரம்பு கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம். இதுவே இந்தியாவின் 24 மணி நேர வரையறை. உலக சுகாதார அமைப்பு 2021இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் 24 மணி நேர அளவு 15 மைக்ரோகிராம் மட்டுமே. "திருப்திகரம்" என்ற வகையிலும் எளிதில் பாதிக்கப்படுவோருக்குச் சிறிய மூச்சுச் சிரமம் ஏற்படலாம் என்று அக்குறியீட்டின் விளக்கமே கூறுகிறது. மேலும், ஓர் இடத்தில் உள்ள கருவி அடுத்த பள்ளத்தாக்கின் காற்றைக் காட்டாது. குறியீடு 45 என்று காட்டும் மாலையில், உங்கள் தெருவில் யாரேனும் குப்பையைக் கொளுத்தியிருந்தால், உங்களுக்கு அந்த எண்ணால் பயனில்லை.

ஆகவே நோயாளியின் சொந்தக் குறிப்பேடு செயலியைவிடப் பயன்மிக்கது. நாள், உறைபனியா மழையா, நிவாரண இன்ஹேலர் எத்தனை முறை தேவைப்பட்டது, இரவில் இருமலால் விழித்தாரா ஆகிய நான்கையும் ஓராண்டு குறித்து வைத்தால், அவருக்குரிய கடின வாரங்கள் தெளிவாகத் தெரியும். அவ்வாரங்களுக்குச் சில நாட்கள் முன்பே தடுப்பு மருந்தின் அளவைச் சீராய்வு செய்ய மருத்துவரை அணுகலாம். தடுப்பு இன்ஹேலரை நலமாக இருக்கும் மாதங்களில் தாமாக நிறுத்திவிடுவதே உறைபனி காலத்தில் பலருக்கு நோய் முற்றக் காரணமாகிறது. இன்ஃப்ளூயன்சா, நிமோனியா தடுப்பூசிகள் குறித்தும் கேட்டறிக.

புகை நாட்களில் துணி முகக்கவசமும் மப்ளரும் நுண்துகளைத் தடுப்பதில்லை. முகத்தில் இறுகப் பொருந்தும் என்95 வகையே பயன்தரும். ஆயினும் மூக்கையும் வாயையும் மப்ளரால் மூடுவது குளிர்காற்றைச் சற்று வெதுவெதுப்பாக்கும். குளிரால் தூண்டப்படும் ஆஸ்துமாவுக்கு அது உதவும். மூச்சுத்திணறல் கடுமையாக உள்ளவர்கள் இறுக்கமான முகக்கவசத்தை மருத்துவரைக் கேட்டே அணிய வேண்டும்.

எப்போது உதவி நாட வேண்டும்?

ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்ல இயலாத மூச்சுத்திணறல், உதடு அல்லது நகம் நீலமாதல், நிவாரண இன்ஹேலருக்குப் பின்னும் தணியாத இழுப்பு, புதிதாகக் குழப்பம் அல்லது மயக்கம், நெஞ்சுவலி ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று தோன்றினாலும் 108 எண்ணை அழைக்கவும். குழந்தைகளில் விலா இடுக்குகள் உள்ளிழுக்கப்படுவதும், பால் குடிக்க மறுப்பதும் இதே அளவு அவசரமானவை. பொதுவான ஐயங்களுக்கு 104 மருத்துவ உதவி எண்ணை அழைக்கலாம். உதகையில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும், குன்னூரில் அரசு லாலி மருத்துவமனையும், கூடலூரில் அரசு மருத்துவமனையும் உள்ளன. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் களப்பணியாளர் வீட்டுக்கு வரும்போது, மூச்சு தொடர்பான மாற்றங்களையும் அவரிடம் தெரிவிக்கலாம்.

மூடுபனி இரவில் ஆம்புலன்ஸ் மெதுவாகவே வர இயலும். தோட்டங்களில் ஒரே பெயரில் இரு பிரிவுகள் இருப்பதும் உண்டு. அழைக்கும்போது எஸ்டேட்டின் பெயர், பிரிவு, குடியிருப்பு வரிசை எண், அருகிலுள்ள தொழிற்சாலை அல்லது கோயில், வண்டி எதுவரை வர முடியும் என்ற விவரம் ஆகியவற்றை வரிசையாகச் சொல்லவும். இவற்றை ஒரு தாளில் எழுதி, நோயாளியின் மருந்துப் பட்டியலுடன் கதவின் உட்புறம் ஒட்டி வைக்கலாம். வண்டி வந்து சேரும் இடத்தில் ஒருவர் கைவிளக்குடன் நிற்கட்டும். காத்திருக்கும் நேரத்தில் நோயாளியைப் படுக்கவைக்காமல் சாய்ந்து உட்காரவைத்து, அடுப்பை அணைத்து, மருத்துவர் எழுதிக்கொடுத்த முறைப்படி நிவாரண இன்ஹேலரை ஸ்பேசர் வழியாகக் கொடுத்து வரவும்.